ஓவர்டோஸிலிருந்து எழுந்தவருக்கு மூளை பாதிக்கப்பட்டிருக்கிறதா? வீட்டில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் போதையோடு போராடும் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம், ஊசி போட்டாங்க, கண்ணு முழிச்சிட்டான்." அதோடு விஷயம் முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்து அதே வீட்டில் வேறு புகார்கள் கிளம்பும். சொன்னதையே சொல்றான். குளிக்கப் போனவன் தண்ணியைத் திறந்துவிட்டு அப்படியே நிற்கிறான். கடைக்கு அனுப்பினால் எதுக்கு வந்தோம்னு தெரியாமல் திரும்பி வர்றான். இதற்கெல்லாம் தெருவில் ஒரே விளக்கம்தான்: மறுபடியும் போட ஆரம்பிச்சுட்டான், இன்னும் இறங்கல.

பல நேரம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் சில நேரம் அந்த ஆள் மாத்திரையைத் தொட்டே இருக்க மாட்டார். அன்றைக்கு மூச்சு குறைந்து கிடந்த அந்த நேரத்தில் மூளையின் ஒரு பகுதி கெட்டுப்போயிருக்கும். அதைக் கவனிக்க முடிந்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். ஓ.பி.யில் இரண்டு நிமிடம் பார்க்கும் டாக்டரிடம் அவர் பேரைச் சரியாகச் சொல்வார், சிரிப்பார், "நல்லா இருக்கேன் சார்" என்பார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை என்பது அம்மாவுக்கோ மனைவிக்கோ மட்டும்தான் தெரியும்.

இது தெருவில் வாங்கும் போதை மருந்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. பிரவுன் சுகர், டிரமடால், டேபென்டடால், புப்ரெனார்பின், கோடீன் கலந்த இருமல் டானிக் எல்லாமே ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் மருந்து வகை. புற்றுநோய் வலிக்காக வீட்டில் தாத்தா சாப்பிடும் மார்பினும், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையும் இதே வகைதான். அளவு தவறினால் எல்லோருக்கும் ஒரே ஆபத்து.

மூச்சு குறையும்போது நடப்பது என்ன?

ஓபியாய்டு மருந்து மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் இடத்தை அமுக்கிவிடும். மூச்சு முதலில் மெதுவாகும், அப்புறம் விட்டுவிட்டு வரும், கடைசியில் நிற்கும். கூடவே சாராயமோ, நைட்ரசிபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஆக்சிஜன் அடியோடு நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளைச் செல்கள் சாக ஆரம்பிக்கும்.

ஓவர்டோஸில் இன்னொரு கொடுமை உண்டு. மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது. இங்கே மூச்சுதான் முதலில் குறைகிறது. இதயம் துடித்துக்கொண்டே, ஆக்சிஜன் இல்லாத ரத்தத்தை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் மணிக்கணக்கில் அரைகுறை மூச்சோடு கிடக்க முடியும். உயிரும் போகாது, மூளைக்குத் தேவையானதும் கிடைக்காது.

அப்படிக் குறையும்போது மூளை முழுவதும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. மெட்ரோ வாட்டர் பிரஷர் குறைந்த நாளில் தெருக் கோடியில் இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் வராமல் போகும். மூளையிலும் ரத்தக்குழாய்கள் போய் முடியும் கடைக்கோடிப் பகுதிகள் முதலில் காய்கின்றன. அது தவிர, புது ஞாபகங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ், உடல் அசைவைத் தொடங்கி வைக்கும் உள் பகுதிகள், நடையில் தள்ளாட்டம் இல்லாமல் காக்கும் சிறுமூளை ஆகியவை ஆக்சிஜன் குறைவைத் தாங்கவே தாங்காது. அறிகுறிகளும் இந்த இடங்களைப் பொறுத்துத்தான் வரும்.

மயங்கிக் கிடக்கும்போது செய்ய வேண்டியது

பாதிப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அதைக் குறைப்பது முக்கியம் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டினாலும் கத்தினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டு பத்துக்கும் கீழே, அல்லது தொண்டையில் கொர கொரவென்று ஒரு சத்தம், உதடும் நகக்கண்ணும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறியிருக்கிறது என்றால் உடனே 108. கறுத்த தோலில் நீலம் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தையும் உள்ளங்கையையும் பாருங்கள். கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும் என்பார்கள். டிரமடால், டேபென்டடால் போட்டவர்களுக்கு அப்படிச் சுருங்காமலும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிரமடால் அதிகமானால் வலிப்பும் வரும்.

அந்தக் கொர கொர சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "நல்லா குறட்டை விட்டுத் தூங்கறான், காலையில எழுந்துடுவான்" என்று அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போன வீடுகள் உண்டு. அது தூக்கக் குறட்டை இல்லை. மூச்சுப் பாதை அடைபடும் சத்தம். எழுப்பிப் பாருங்கள், எழவில்லை என்றால் அது ஆபத்துதான்.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித் துடிப்பும் தெரியவில்லை என்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். 30 அழுத்தம், 2 ஊதல். எலுமிச்சைச்சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்; நேராக நுரையீரலுக்குப் போகும். உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றினால் தெளியும் என்று பையன்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதில் துளியும் உண்மையில்லை. அந்த நிமிடங்களில் மூளை செத்துக்கொண்டிருக்கும்.

மருத்துவமனையில் கொடுக்கும் நலாக்ஸோன் என்ற ஓபியாய்டு முறிவு ஊசி சில நிமிடங்களில் ஆளை எழுப்பிவிடும். ஆனால் அதன் வேலை சுமார் 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் இருந்தால் மூச்சு மறுபடியும் குறையும். எழுந்து உட்கார்ந்ததும் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

நேரத்தை எழுதி வையுங்கள்

மூளைப் பாதிப்பைக் கணிக்க டாக்டருக்கு இதைவிடப் பயன்படும் தகவல் வேறில்லை. ஆனால் வீட்டில் யாரும் இதை எழுதி வைப்பதில்லை. பதற்றம் அடங்கியதும், அன்றே, ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கடைசியாக நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு, யாரிடம்? கண்டுபிடித்தது எத்தனை மணிக்கு? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் முக்கியம். உதட்டின் நிறம், மூச்சு இருந்ததா, யாராவது ஊதினார்களா, நெஞ்சை அழுத்தினார்களா, 108 வந்த நேரம், ஊசி போட்டதும் எவ்வளவு நேரத்தில் எழுந்தார், வலிப்பு வந்ததா, விழுந்து தலையில் அடிபட்டதா, வாந்தி எடுத்தாரா. கூட இருந்த நண்பர்களைத் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் "அஞ்சு நிமிஷம்தான்க்கா" என்பார்கள். பொறுமையாகக் கேட்டால் அரை மணி நேரம் என்ற உண்மை வெளியே வரும்.

எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தார் என்பதையும் எழுதுங்கள். ஒரே கையின் மேலேயோ காலின் மேலேயோ மணிக்கணக்கில் கிடந்தால் சதை நசுங்கிவிடும். கால் பாதம் தொங்கிப்போய் தூக்க வராது. அது மூளையால் வந்ததல்ல, நரம்பு அழுந்தியதால் வந்தது. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் வந்தால் நசுங்கிய சதையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள்

"சாப்பிடல சார், மயங்கி விழுந்துட்டான்" என்று சொல்லி அழைத்துப்போனால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. போலீஸ் பயம், பையனுக்கு வேலை போய்விடுமோ, தங்கச்சிக்கு வரன் வராதோ என்ற பயம். இந்த மாதிரி கேஸில் எம்.எல்.சி., அதாவது சட்டம் சம்பந்தப்பட்ட மருத்துவக் கேஸ் என்று, பதிவு செய்வது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை, எம்.எல்.சி. போட்டார்கள் என்பதற்காக அப்போதே கைது என்று ஆகிவிடாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. டாக்டரிடம் மாத்திரையின் பேர், அட்டை, எத்தனை, விழுங்கினாரா ஊசியில் ஏற்றினாரா, கூட சாராயம் உண்டா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓபியேட் என்று சாதாரணமாகச் செய்யும் பட்டைச் சோதனையில் மார்பின், ஹெராயின், கோடீன் போன்றவைதான் சிக்கும். டிரமடால், டேபென்டடால், ஃபென்டனில் அதில் தெரியாது. "டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல" என்றால் ஒன்றும் போடவில்லை என்று பொருளில்லை.

"மூச்சு நின்னிருந்துச்சு, இவ்வளவு நேரம்" என்ற அந்த ஒரு வாக்கியம் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

முதல் வாரம்: போதையா, விடும் வேதனையா, பாதிப்பா?

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் சகஜம். போதை என்றால் தூங்கி வழிவார், பேச்சு குழறும், ஆனால் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில் தெளிந்துவிடும். விடும் வேதனை என்றால் மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்சு, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, எரிச்சல். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். அந்த நேரத்திலும் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். மாத்திரை எங்கே கிடைக்கும் என்பது உட்பட.

மூளைப் பாதிப்பு இப்படி ஏறி இறங்குவதில்லை. மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் அப்படியே இருக்கும். நாலாம் நாளும் என்ன கிழமை என்று தெரியவில்லை, வீட்டுக்குள்ளேயே கழிவறைக்கு வழி தெரியவில்லை, கேட்டதையே கேட்கிறார் என்றால் "இறங்கல" என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள்.

ஞாபகம்: வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை

காசிமேட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என்னிடம் சொன்னது இது. ஓவர்டோஸுக்கு அப்புறம் பையன் ரொம்பப் பாசமாகிவிட்டானாம். "சாப்பிட்டியாம்மா"ன்னு கேட்பானாம். இட்டலி ஊற்றிக்கொண்டே "சாப்பிட்டேன்டா" என்பாராம். பத்து நிமிடத்தில் மறுபடியும், "சாப்பிட்டியாம்மா?" இத்தனை வருஷம் கேட்காதவன் கேட்கிறானே என்று அவருக்குச் சந்தோஷம். பத்து நாள் கழித்துத்தான், ஒவ்வொரு தடவையும் அவன் முதல் தடவையாகத்தான் கேட்கிறான் என்பது அவருக்கு உறைத்தது.

ஹிப்போகாம்பஸ் பாதித்தால் இப்படித்தான் இருக்கும். பழைய ஞாபகம் பத்திரமாக இருக்கும். பள்ளிக்கூட நண்பர்கள் பேர், பழைய சண்டைகள், கானா பாட்டு முழுசாக எல்லாம் வரும். புதிது மட்டும் பதியாது. இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 முதல் 2016 வரை 14 பேருக்குத் திடீரென்று இப்படி ஞாபகம் போனதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெரும்பாலானவர்கள் ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்கள். எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் பாதிக்கப்பட்டிருந்தது.

வீட்டில் செய்து பார்க்க: மூன்று பொருள் பேர் சொல்லுங்கள். வஞ்சிரம், தீப்பெட்டி, குடை. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வேறு ஏதாவது பேசி, ஐந்து நிமிடம் கழித்து அந்த மூன்றையும் கேளுங்கள். ஒன்றிரண்டு விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். பொருள் பேர் கேட்டோம் என்பதே ஞாபகத்தில் இல்லை என்றால் கவனிக்க வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். அது பழையது. நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள், அங்கேதான் தடுமாறுவார்.

தடுமாறும் இடத்தில் சிலர் கதை கட்டுவார்கள். "அத்தை வந்தாங்க, பிரியாணி கொண்டாந்தாங்க" என்று வராத அத்தையைச் சொல்வார்கள். பொய் சொல்கிறான் என்று வீட்டில் அடி விழும். அது பொய் இல்லை. வெற்றிடத்தை மூளை தானாக நிரப்புகிறது; சொல்பவருக்கு அது உண்மை.

கவனத்தையும் கணக்கையும் பார்க்க, இருநூறு ரூபாய் கொடுத்து இரண்டு மூன்று பொருள் வாங்கி வரச் சொல்லி மீதியைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இன்னொரு நல்ல சோதனை கேரம். நன்றாக ஆடத் தெரிந்த பையனை உட்கார வையுங்கள். ஸ்டிரைக்கர் குறி தவறுகிறதா, அல்லது குறி சரியாகப் போகிறது ஆனால் தன் காய் கறுப்பா வெள்ளையா என்பதை நடுவில் மறக்கிறாரா? முதலாவது கைப்பக்குவம் போனதைக் காட்டும், இரண்டாவது ஞாபகமும் கவனமும் போனதை. கூட ஆடுகிறவர்கள் டாக்டரைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் "ஆட்டம் போச்சு அவனுக்கு" என்று சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

நடை, கை, கண், பேச்சு

தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். விழாமல் பக்கத்தில் நில்லுங்கள். தன் மூக்கையும் உங்கள் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போடுவது, லுங்கி கட்டுவது, டம்ளரில் டீயைச் சிந்தாமல் தூக்குவது ஆகியவற்றை வீட்டு வேலையோடு வேலையாகக் கவனிக்கலாம். சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லாமல், எதையாவது எடுக்கக் கை நீட்டும்போது மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுத்தால் அதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆக்சிஜன் குறைவுக்குப் பிறகு வரும் தனி வகை உதறல் அது, அதற்குத் தனி மருந்து உண்டு. டாக்டர் முன்னால் வராமல் போகலாம், வீடியோவில் தப்பாது.

கண் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கண் நன்றாக இருந்தும், பார்வையைப் புரிந்துகொள்ளும் பின்மூளை அடிபட்டால் எதிரில் இருக்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார். சிலர் பார்வை தெரிகிறது என்று சாதிப்பார்கள்.

பிரவுன் சுகரை அலுமினியத் தாளில் சூடாக்கிப் புகையை இழுப்பவர்களுக்கு ஓவர்டோஸே ஆகாமலும் மூளையின் வெள்ளைப் பகுதி அழிவது உண்டு. 1982ல் நெதர்லாந்து மருத்துவர்கள் முதலில் பதிவு செய்த பாதிப்பு. பேச்சு இழுபடும், நடை தள்ளாடும். குடித்தவர் மாதிரி இருக்கும், வாடை இருக்காது.

மாறிப்போன குணம்

இதில்தான் குடும்பங்கள் ரொம்பக் காயப்படுகின்றன, பாதிக்கப்பட்டவரும் ரொம்பக் காயப்படுகிறார்.

முன்மூளையும் உள் பகுதிகளும் அடிபட்டால் ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதல் போய்விடும். காலையில் உட்கார வைத்த நாற்காலியில் மதியம் வரை உட்கார்ந்திருப்பார். "குளி" என்றால் குளிப்பார். "சாப்பிடு" என்றால் சாப்பிடுவார். சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. துக்கமாக இருக்கிறாரா என்று கேட்டால் இல்லை என்பார், முகத்திலும் துக்கம் தெரியாது. இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் தெரு சொல்லும். மனச்சோர்வு என்று டாக்டரே நினைத்துவிடலாம். மனச்சோர்வு உள்ளவர் பெரும்பாலும் வலியைச் சொல்வார், அழுவார், தூங்க முடியவில்லை என்பார். இவரிடம் அந்த வலிகூட இருக்காது.

இதற்கு நேர் எதிராகவும் சிலர் மாறுவார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் தாமதமானால் தட்டு பறக்கும். அடுத்த நிமிடம் சிரிப்பார். சாவு வீட்டில் சிரிப்பார், கிரிக்கெட் பார்த்து அழுவார். வெட்கம் குறையும், செலவில் கணக்கு இருக்காது. கூடவே, தனக்கு எதுவும் ஆகவில்லை என்று முழுசாக நம்புவார். அவர் மறைக்கவில்லை. தன் குறையை உணரும் பகுதியும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது. அதனால் "உனக்கு என்ன பிரச்சினை?" என்று அவரிடமே கேட்டு முடிவெடுக்கும் டாக்டரிடம், பொறுமையாக, "நான் தனியா ரெண்டு நிமிஷம் பேசணும் சார்" என்று கேளுங்கள்.

பழையபடி போடுகிறாரோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி: ஒரு வாரம் நாளைக்கு மூன்று தடவை அவர் எப்படி இருந்தார் என்று குறித்து வையுங்கள். வெளியே போய்விட்டு வந்த பிறகு மட்டும் மோசமாகி, அப்புறம் தேறினால் போதையாக இருக்கலாம். வெளியே போகாத நாளிலும் அதே மாதிரி என்றால் நரம்பியல் துறைக்குப் போக வேண்டும்.

முழுசாகத் தேறி, மறுபடியும் சரிந்தால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள்.

சிலர் ஓவர்டோஸிலிருந்து முழுசாகத் தேறிவிடுவார்கள். பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் சரி. வேலைக்கும் போக ஆரம்பித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள், சில சமயம் இன்னும் கொஞ்சம் தள்ளி, திடீரென்று சரிவு. முதலில் பேச்சு குறையும். கால் தரையை ராவிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக நடப்பார். உடம்பு விறைக்கும். உடுத்திய துணியிலேயே சிறுநீர் போகும், அதைப் பற்றிக் கவலையும் படமாட்டார். சிலர் ஊமை மாதிரி ஆகிவிடுவார்கள். ஆக்சிஜன் குறைந்த நாளில் அடிபட்ட மூளையின் வெள்ளைப் பகுதி, நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்பு உறை, மெதுவாகச் சிதைவதால் வருவது இது.

ஓவர்டோஸ் ஆகி வாரங்கள் கழித்து வருவதால் அதோடு இதை யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மனநோய் என்றும், செய்வினை என்றும், மாத்திரை என்றும் அலைவார்கள். மனநலப் பிரிவில் தனியாகக் கிடந்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. பல பேர் மாதக்கணக்கில் மெல்லத் தேறுகிறார்கள், சிலருக்குக் குறை தங்கிவிடுகிறது. படுத்திருக்கும் அந்த மாதங்களில் புண், நிமோனியா, கால் ரத்தக்கட்டு வராமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதி வெற்றி. அதற்குச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும்.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில், சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிப்பதுபோலவே, ஓவர்டோஸ் ஆன தேதியை வட்டமிடுங்கள். அங்கிருந்து நாற்பது நாள் எண்ணி இன்னொரு வட்டம். நடுவில் உள்ள ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று பொருள் சோதனை, டைல்ஸ் நடை. பத்து நிமிட வேலை.

எங்கே போவது, என்ன கேட்பது?

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டிலும் நரம்பியல் துறை உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் எழுதிய நேரக் காகிதம், ஒரு வாரக் குறிப்பு, வீடியோ எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். "இந்தத் தேதியில் ஓவர்டோஸ், இவ்வளவு நேரம் மூச்சு குறைந்திருந்தது, அதற்கு முன்னால் இப்படி இருந்தார், இப்போது இப்படி இருக்கிறார்" என்று ஆரம்பியுங்கள். இதை ஒரு சீட்டில் எழுதி நீட்டினாலும் சரி, கூட்டமான ஓ.பி.யில் அது பேச்சைவிட வேலை செய்யும்.

சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். தலைக்குள் ரத்தக்கசிவைப் பார்க்க சி.டி. நல்லது, ஆக்சிஜன் குறைவால் வந்த பாதிப்பு அதில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். அதிலும் ஹிப்போகாம்பஸ் பாதிப்பு முதல் ஒரு வாரத்தில் எடுத்தால் பளிச்சென்று தெரியும், நாளானால் மங்கிவிடலாம். உதறலோ, கண் நிலைகுத்தும் தருணங்களோ இருந்தால் மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுப்பார்கள்.

சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12 குறைவும் இதே மாதிரி குழப்பத்தைத் தரும், அவை சரிசெய்யக்கூடியவை. விழுந்தவருக்கு மூளை உறைக்குள் மெதுவாக ரத்தம் கட்டியிருக்கலாம். ஊசி போட்டுக்கொள்பவருக்குக் காய்ச்சலோடு ஒரு பக்கம் கை கால் விழுந்தால், இதய வால்வில் தொற்று உண்டாகி அங்கிருந்து மூளைக்குக் கட்டி போயிருக்கலாம். அது ஓ.பி.க்குக் காத்திருக்கும் விஷயமல்ல, நேராக எமர்ஜென்சி. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி சோதனையும் அவர்களுக்குத் தேவை.

பாதிப்பு உறுதியான பிறகு

முதல் ஆபத்து இன்னொரு ஓவர்டோஸ். மருத்துவமனையில் இருந்த நாளில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவைப் போட்டால் உயிர் போகலாம். இப்போது ஞாபகமும் இல்லை. போட்டதை மறந்து மறுபடி போடுவார். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். எல்லா மருந்தும் உங்கள் கையில் இருக்கட்டும். அரசு மையத்தில், பழைய போதைக்குப் பதிலாக அளந்து கொடுக்கும் புப்ரெனார்பின் மாற்றுச் சிகிச்சையில் இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், பாதிப்பைச் சொல்லி அளவை முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, போதை மறுவாழ்வு மையம். ஞாபகம் இல்லாதவர் அங்கே விதிகளை மீறத்தான் செய்வார். நேற்றுச் சொன்னது இன்று தெரியாது, கூட்டத்தில் எழுந்து போவார், கொடுத்த வேலையை மறப்பார். சில இடங்களில் அதற்குத் தண்டனை கிடைக்கிறது, அடியும் விழுகிறது. எனக்கு இதைவிட ஆத்திரம் தருவது எதுவுமில்லை. சேர்ப்பதற்கு முன்னால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மையமா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகலைக் கொடுத்து, இவருக்கு எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியத்தில், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். பெற்றோரைப் பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். ஆலோசனைக்கு போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புச் சிகிச்சை இருக்கிறது.

வீட்டில், ஒரே நேரத்துக்கு எழுவது, ஒரே இடத்தில் சாவி, ஃபோனில் அலாரம், சுவரில் இன்றைய தேதியும் இன்றைய வேலையும். கேட்டதையே கேட்டால் "இப்பதானே சொன்னேன்" என்று சொல்லாமல் சுவரைக் காட்டுங்கள். கொஞ்ச நாளில் அவரே சுவரைப் பார்க்கப் பழகுவார். பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் தெரியும், அதற்கு அப்புறமும் மெதுவாக வரும். சாராயம் ஒரு சொட்டும் கூடாது. டாக்டர் சொல்லும் வரை பைக் வேண்டாம், படகில் கடலுக்கு அனுப்ப வேண்டாம், துறைமுகத்தில் உயரத்தில் ஏறும் வேலை வேண்டாம், தனியாக கேஸ் அடுப்பைப் பற்ற வைக்க விட வேண்டாம். பேச்சுப் பயிற்சி, பிசியோ, கைவேலைப் பயிற்சிக்குக் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தூரம்தான், இருந்தாலும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சில மாதச் சிகிச்சைக்குப் பிறகும் குறை தங்கினால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறன்களில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்பும் ஒன்று. காரணம் போதை என்பதற்காகத் தகுதி போய்விடாது. பார்ப்பது இப்போதைய குறையைத்தான். குறையை மதிப்பிடும் மெடிக்கல் போர்டுக்குப் போகும் அன்று அவரை நன்றாக உடுத்தி, "நல்லா பேசணும்" என்று சொல்லிப் பழக்கி அழைத்துப் போகாதீர்கள். தினமும் வீட்டில் எப்படி இருக்கிறாரோ அப்படியே போகட்டும். ஃபைலில் அந்த ஒரு வாரக் குறிப்பும் வீடியோவும் மேலாக இருக்கட்டும்.